சைன்ஃபெல்ட்: முதல் எபிசோடில் தொடங்குவதா, தாண்டிப் போவதா?

பழைய ஆங்கில நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிக் கதை எழுந்தால், அது கல்லடிக் கடற்கரையாக இருக்கட்டும், கல்முனையில் ஒரு ஆங்கில வகுப்பாக இருக்கட்டும், சைன்ஃபெல்ட் என்ற பெயரோடு ஒரு முறைப்பாடும் வரும்: "எல்லாரும் புழுகினாங்க எண்டு முதலாவதப் போட்டுப் பாத்தன். சிரிப்பே வரல்ல." அப்படிச் சொல்பவர் இரண்டாவதைப் போட்டிருக்க மாட்டார். ஜெரி, ஜோர்ஜ், எலேன், கிரேமர் என்ற நான்கு நண்பர்களைச் சுற்றி ஓடும், ஒன்பது சீசன், 180 எபிசோட் கொண்ட ஒரு தொடர், முதல் இருபத்து மூன்று நிமிடத்தோடு அவருக்கு முடிந்துவிடுகிறது.

அவர் பார்த்தது உண்மையிலேயே மெலிந்த எபிசோட்தான். அதில் தகராறு இல்லை. தகராறு எல்லாம், புதிதாக ஒருவரை இந்தத் தொடருக்குள் கூட்டிப்போவது எப்படி என்பதில்தான். பார்த்தவர்கள் மூன்று பக்கமாகப் பிரிகிறார்கள். ஒரு பக்கம், "முதலாவதப் பாக்காம மறுகா வாறது எப்பிடி விளங்கும்?" என்று ஒழுங்கை விடாதவர்கள். இன்னொரு பக்கம், முதல் சீசனையே விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கச் சொல்பவர்கள். மூன்றாவது பக்கத்தினர், நடுவிலிருந்து நல்ல எபிசோட் ஒன்றை முதலில் காட்டு, பிடித்தால் தொடக்கத்துக்குத் திரும்பு என்கிறார்கள். பெரும்பாலானோருக்கு மூன்றாவது வழிதான் பொருந்தும் என்பது எங்கள் முடிவு. ஆனால் முதல் எபிசோடைக் கழித்துப் போடுவதை நாங்கள் ஏற்கவில்லை. அதைப் பார்க்க வேறொரு நேரம் இருக்கிறது.

முதலில், அந்த எபிசோடில் என்ன குறை என்பதைப் பார்ப்போம். "சரியில்லை" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் முடிவெடுக்க முடியாது.

அது 1989 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அப்போது தொடரின் பெயரே வேறு: தி சைன்ஃபெல்ட் குரோனிக்கிள்ஸ். எலேன் அதில் இல்லை. பெண் பாத்திரமாக இருப்பவர் சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் கிளேர். அந்தக் கடையும் பிறகு நாம் பழகிப்போகும் மொங்ஸ் அல்ல, பீற்ஸ் என்ற வேறொரு கடை. கிரேமரின் பெயர் கெஸ்லர். அவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறார்! தொடரைத் தெரிந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அந்நியம் இல்லை. பிற்காலக் கிரேமர் கதவைத் தள்ளிக்கொண்டு சறுக்கி வந்து நிற்கிற அந்த வேகத்துக்கே கூட்டம் சிரிக்கும். இங்கேயோ இரண்டு துண்டுப் பாணைக் கையில் வைத்துக்கொண்டு இறைச்சி இருக்கிறதா என்று கேட்கும், பத்து வருடமாகக் கட்டடத்தை விட்டு வெளியே போகாத, ஒரு நாயும் வைத்திருக்கும் மந்தமான மனிதர். பெயர் மாறியதற்குக் காரணம் உண்டு: தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லறி டேவிட்டுக்கு, கிரேமர் என்ற பெயரில் உண்மையாகவே ஒரு அயலவர் இருந்தார். அந்தப் பெயரைப் பாவிப்பதில் அப்போது தயக்கம் இருந்தது.

ஜோர்ஜும் ஜோர்ஜ் இல்லை. ஜேசன் அலெக்சாண்டர் தொடக்கத்தில் வூடி அலனைப் பார்த்து நடித்ததாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். லறி டேவிட் தன்னையே ஜோர்ஜாக எழுதுகிறார் என்பது பிடிபட்ட பிறகே, அவரைப் பார்த்து நடிக்கத் தொடங்கினார். அதனால் முதல் எபிசோடில் ஜோர்ஜ் ஒரு விவரமான ஆலோசகர் போலப் பேசுகிறார். பொய் சொல்லி, மாட்டி, வெந்து நிற்கிற அந்த மனிதரை இங்கே தேடினால் கிடைக்காது.

கதை ஒன்றே ஒன்று. மிச்சிகனிலிருந்து லோரா என்ற பெண் ஜெரியின் வீட்டில் தங்க வருகிறாள். அவள் எந்த நோக்கத்தோடு வருகிறாள் என்று ஜெரியும் ஜோர்ஜும் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்பது கடைசியில் தெரிகிறது. பிற்கால எபிசோடுகளில் மூன்று நான்கு கதைகள் தனித்தனியாக ஓடி, முடிவில் ஒன்றோடொன்று முட்டும். அந்தப் பின்னலுக்காகத்தான் தொடருக்கு இத்தனை பெயர். அது இங்கே இல்லை. 1989 ஒளிபரப்பில் அந்தப் பெயர்பெற்ற வாய்ச்சொடுக்கு இசைகூட இல்லை. ஜொனதன் வோல்ஃப் அதற்குப் பிறகுதான் வருகிறார்.

இப்படி இருந்ததற்கு எழுதியவர்களின் திறமைக் குறைவு காரணம் அல்ல. மட்டக்களப்புக் கூத்துத் தெரிந்தவர்களுக்கு இதை இலகுவாக விளக்கலாம். இங்கே சட்டம் (ஒவ்வொருவருக்குமான பாடம்) கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை), கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பிழை திருத்திய பிறகுதான் அரங்கேற்றம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த முதல் எபிசோட் அடுக்குப் பார்த்தலுக்குச் சமம். நிறுவனத்தின் அதிகாரிகளுக்கு விற்பதற்காக எடுத்துக் காட்டும் மாதிரி அது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே அடுக்கையே அரங்கேற்றமாக ஊருக்குக் காட்டிவிடுகிறார்கள். அதோடு கூத்தில் பாத்திரங்கள் மேடைக்கு வந்து தங்களை அறிமுகம் செய்யும் வரவு போல, இருபத்து மூன்று நிமிடத்துக்குள் ஒவ்வொருவரும் தான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூத்தில் வரவுக்கு இரவு முழுக்க நேரம் இருக்கிறது. இங்கே வரவு முடியும்போதே எபிசோடும் முடிந்துவிடுகிறது.

சோதனைப் பார்வையாளர்களிடம் காட்டியபோது கிடைத்த அறிக்கை, "பலவீனம்" என்றே மதிப்பிட்டது. நகைச்சுவைத் தொடர்களுக்குப் பொறுப்பே இல்லாத, இரவு நிகழ்ச்சிகளையும் சிறப்பு நிகழ்ச்சிகளையும் பார்த்துக்கொண்டிருந்த ரிக் லட்வின் என்ற அதிகாரி, தன் பிரிவின் பணத்தில் நான்கு எபிசோட்களுக்கு மட்டும் இடம் கொடுத்தார். அந்த நான்கும் 1990 மே 31 முதல்தான் ஒளிபரப்பாகின. இடையில் ஏறத்தாழ பதினொரு மாதம். இந்த இடைவெளியில்தான் பெயர் சுருங்கி சைன்ஃபெல்ட் ஆனது, எலேன் வந்தார், கெஸ்லர் கிரேமர் ஆனார். ஆகவே முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு எபிசோட் தூரம் இல்லை, ஒரு தொடர் தூரம் இருக்கிறது. தாண்டச் சொல்பவர்களின் வலுவான ஆதாரம் இதுதான்.

மூன்று வழிகளும் தரும் பலனும் இழப்பும்

ஒழுங்காகத் தொடங்குவோருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பாத்திரங்கள் வளர்வதைக் கண்முன்னே பார்க்கலாம். ஆனால் "மறுகா விளங்காது" என்ற பயம் சைன்ஃபெல்ட்டுக்குப் பொருந்தாது. முதல் எபிசோடில் நடந்த எதுவும் இரண்டாவதுக்குத் தேவையில்லை. லோராவும் கிளேரும் திரும்பி வருவதில்லை. எலேன் யார் என்ற அறிமுகம் இரண்டாவதான தி ஸ்டேக் அவுட்டில்தான் கிடைக்கிறது. அவர் ஜெரியின் முன்னாள் காதலி, இப்போது நண்பி. கதைத் தொடர்ச்சிக்காக முதலாவதைப் பார்க்கிறோம் என்றால், தொடர்ச்சி தொடங்குவதே இரண்டாவதில்தான்.

இந்த வழியில் போவோர் இடறும் இன்னொரு இடம், எண் ஒழுங்கு. எடுத்த ஒழுங்கும் ஒளிபரப்பான ஒழுங்கும் ஒன்றல்ல. மேல் அன்பொண்டிங் என்ற எபிசோட் முதலாவதுக்கு அடுத்ததாக எடுக்கப்பட்டது, ஆனால் நான்காவதாக ஒளிபரப்பானது. பட்டியலைப் பார்த்தாலே அதை அடையாளம் காணலாம்: மற்ற எபிசோட்களின் பெயர்கள் எல்லாம் "தி" என்று தொடங்க, அது மட்டும் அப்படித் தொடங்காது. முதல் எபிசோடுக்கும் இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. சில பட்டியல்களில் தி சைன்ஃபெல்ட் குரோனிக்கிள்ஸ், சிலவற்றில் குட் நியூஸ், பாட் நியூஸ். வசன உரைக் கோப்பைத் தனியாக இறக்கிப் போடுபவர்கள் இவை வேறு வேறு எபிசோட் என்று நினைத்து, எண்களை ஒன்று தள்ளிப் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு முழு சீசனுக்கும் வசனம் பொருந்தாது.

இரண்டாவது வழி, முதல் சீசனை முழுதாக விடுவது. இது அவசரமான ஆலோசனை. முதல் சீசனில் இருப்பதே ஐந்து எபிசோட். அதில் மோசமாகத் தடுமாறுவது ஒன்றுதான். மற்ற நான்கும் சுமார், சில இடங்களில் நன்றாகவே இருக்கும். இரண்டாவது சீசன் 1991 ஜனவரியில் தொடங்கி 12 எபிசோட் ஓடியது. அதன் தொடக்கமும் எல்லாம் தங்கம் என்று சொல்ல முடியாது. எல்லைக்கோட்டை சீசனில் போடாமல், முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் போட்டால் பிழை குறைவு.

மூன்றாவது வழி, நல்ல மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. இதில் வரும் இடர், எதை மாதிரியாக எடுப்பது என்பதுதான். பெயர்பெற்றவற்றை அள்ளிப் போட்டால் பிழையாகிவிடும்.

பலர் கைகாட்டுவது தி சைனீஸ் ரெஸ்டோரண்ட், 1991 மே 23 அன்று வந்தது. மூன்று பேர் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசைக்காகக் காத்து நிற்கிறார்கள். எபிசோட் முழுக்க அவ்வளவுதான். கதையே இல்லையே என்று என்பிசி அதிகாரிகள் எதிர்த்த எபிசோட் இது. அருமையானது, ஆனால் கிரேமர் இதில் இல்லை. முதல் தடவை பார்ப்பவருக்கு நால்வரில் ஒருவரைக் காட்டாமல் விடுவது சரியான அறிமுகம் அல்ல. இரண்டாவதாகக் காட்டினால் பொருந்தும். தி பார்க்கிங் கராஜில் நால்வரும் உண்டு. வாகனத்தை எங்கே நிறுத்தினோம் என்று தேடி அலைகிறார்கள். கடைசிக் காட்சியில் வாகனம் கிளம்பாமல் போனது எழுத்தில் இல்லாதது, படப்பிடிப்பில் தற்செயலாக நடந்தது. ஆனால் பொது இடத்தில் சிறுநீர் கழிப்பதைப் பற்றிய பகிடி நிறைய வரும். தாய் தகப்பனோடு ஹோலில் இருந்து பார்க்கும்போது எல்லாரும் சுவரைப் பார்க்க வேண்டிவரும். விருது பெற்றது என்பதற்காகத் தி கொன்டெஸ்ட்டை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அது குடும்பத்தோடு பார்க்கிற விடயமே இல்லை.

எங்கள் தெரிவு தி போனி ரிமார்க். இரண்டாவது சீசனின் இரண்டாவது எபிசோட், 1991 ஜனவரி 30. உறவினர்களின் ஐம்பதாவது திருமண நாள் விருந்தில், சின்ன வயதில் மட்டக்குதிரை வைத்திருந்தவர்களைத் தனக்குப் பிடிக்காது என்று ஜெரி வாய்விடுகிறார். விருந்தின் நாயகியான கிழவி போலந்தில் அப்படி ஒரு குதிரை வைத்திருந்தவர். கோபித்து எழும்பிப் போகிறார், பிறகு இறந்தும் போகிறார். செத்தவீடும், ஜெரி விளையாட வேண்டிய இறுதிப் போட்டியும் ஒரே நாளில் வந்து விழுகின்றன. விருந்தில் வாய்தவறி வந்த ஒரு சொல், அதை விடாமல் பிடித்துக்கொள்ளும் சொந்தம், செத்தவீட்டுக்குப் போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற கணக்கு. ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் களுவாஞ்சிக்குடியிலும் இதற்கு ஒரு வரி விளக்கம் தேவைப்படாது. நால்வரும் இருக்கிறார்கள், ஒவ்வொருவரின் குணமும் தெளிவாகத் தெரிகிறது. முதல் எபிசோட் செய்யத் தவறிய வேலையை இது செய்துவிடுகிறது.

ஆகவே புதிதாக வருபவருக்கு ஒழுங்கு இது: முதலில் தி போனி ரிமார்க், அடுத்து தி சைனீஸ் ரெஸ்டோரண்ட். இரண்டும் பிடித்தால் தி ஸ்டேக் அவுட்டுக்குத் திரும்பி அங்கிருந்து வரிசையாக. இரண்டிலும் சிரிப்பு வரவில்லை என்றால் இந்தத் தொடர் அவருக்கானது இல்லை. வற்புறுத்த வேண்டாம். டேட்டாக் கணக்கிலும் இது இலாபம். நெட்பிளிக்ஸ் தன் நடுத்தரத் தர அமைப்புக்கு மணிக்கு 0.7 ஜிபி என்று சொல்கிறது, ஒரு எபிசோடுக்கு கால் ஜிபி அளவில் வரும். முதல் இரண்டு சீசனையும் வரிசையாகப் பார்த்து முடிவெடுக்க 17 எபிசோட், நாலரை ஜிபிக்குக் கிட்ட. மாதிரி இரண்டைப் பார்க்க அரை ஜிபி போதும். உயர் தரத்தில் ஓடவிட்டால் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். 1989 இல் எடுத்ததைக் கைத்தொலைபேசியில் பார்க்க அது வீண்.

முதல் எபிசோடிலேயே தொடங்குங்கள் என்று நாங்கள் சொல்வது ஒரே கூட்டத்துக்குத்தான், ஆங்கிலம் கற்பவர்களுக்கு. மற்றவருக்குக் குறையாக இருப்பதுதான் இவர்களுக்கு வசதி. ஒரே கதை, நீண்ட காட்சிகள், இரண்டு பேர் மாறி மாறிப் பேசும் நிதானம். பிற்கால எபிசோட்களில் நான்கு பேர் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசுவார்கள். க.பொ.த. சாதாரண தர மாணவருக்கு அது பிடிபடாது. வகுப்பில் காட்டுவதென்றால் முழு எபிசோடும் தேவையில்லை. சலவைக் கடைக் காட்சியை மட்டும் எடுங்கள். உடுப்பு அளவுக்கு மிஞ்சிக் காய்ந்துவிடுமா என்று ஜோர்ஜும் ஜெரியும் வாதாடுகிறார்கள். அளவுக்கு மிஞ்சி நனைய முடியாதது போல, அளவுக்கு மிஞ்சிக் காயவும் முடியாது என்பது ஜெரியின் வாதம். ஒரு வினைச்சொல்லுக்கு முன் ஒரு முன்னொட்டைப் போட்டு எப்படிப் பொருளை நீட்டலாம் என்பதை இதைவிட நன்றாக எந்தப் பாடப்புத்தகமும் காட்டாது. முதல் தடவை வசன உரை இல்லாமல், இரண்டாவது தடவை ஆங்கில உரையோடு, மூன்றாவதாக இரண்டு மாணவர்களை எழுப்பி வாசிக்கவிட்டால் ஒரு பாடவேளை நிறைந்துவிடும். முழு எபிசோடையும் காட்டிவிட்டு "சிரித்தீர்களா?" என்று கேட்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

வேறு தொடர்களுக்கு இதே விதியைப் பொருத்தலாமா? கண்ணை மூடிக்கொண்டு பொருத்தக் கூடாது. முதல் எபிசோடின் குறை எந்த வகை என்று பார்க்க வேண்டும். அமெரிக்க தி ஒபிஸின் முதல் எபிசோட் (2005 மார்ச் 24) தடுமாறுவது, 2001 இல் வந்த பிரித்தானிய மூலத்தை ஏறக்குறைய வரிக்கு வரி பின்பற்றியதால். ஆனால் அதில் ஜிம், பாம் இருவரின் கதை முதல் நாளிலிருந்தே தொடர்வதால் தாண்டினால் இழப்பு உண்டு. முதல் சீசன் ஆறே எபிசோட், பொறுத்துப் பார்ப்பதே நல்லது. பிளாக்அடரில் குறை அடிப்படை வடிவமைப்பிலேயே இருந்தது. 1983 இல் வந்த முதல் வரிசையில் எட்மண்ட் அசடு, வேலையாள் போல்ட்ரிக்தான் கெட்டிக்காரன். 1986 இல் பென் எல்டன் எழுத வந்த இரண்டாவது வரிசையில் இது தலைகீழானது, தொடரும் உயிர்பெற்றது. ஒவ்வொரு வரிசையும் வேறு வேறு நூற்றாண்டில் நடப்பதால் முதலாவதைத் தாண்டுவதில் ஒரு சதமும் நட்டமில்லை. சியர்ஸின் முதல் எபிசோட் (1982 செப்டெம்பர் 30) தொடக்கத்திலேயே முழுமை. அப்போது பார்த்தவர்கள் குறைவு என்பது வேறு கதை. அதைத் தாண்டுவது பெரிய பிழை. மிஸ்டர் பீனுக்கு இந்தக் கேள்வியே எழாது, எதையும் எங்கிருந்தும் பார்க்கலாம்.

திரும்ப சைன்ஃபெல்ட்டுக்கு வருவோம். அந்த முதல் எபிசோடை எப்போது பார்ப்பது?

கடைசி எபிசோடைப் பார்ப்பதற்கு முந்தின நாள். காரணம் திடமானது. முதல் எபிசோடில், ஜெரி மேடையில் பேசும் பகுதி முடிந்து நண்பர்கள் தோன்றும் முதல் காட்சியில், ஜோர்ஜின் சேட்டில் இரண்டாவது பொத்தான் சரியான இடத்தில் இல்லை, அது ரொம்ப மேலே ஏறி நிற்கிறது என்று ஜெரி சொல்கிறார். சேட்டின் அழகையே அந்தப் பொத்தான்தான் தீர்மானிக்கிறதாம். 1998 மே 14 அன்று ஒளிபரப்பான இறுதி எபிசோடில், சிறைக்கூடத்தில் நால்வரும் இருக்க, அதே பொத்தான் பேச்சை ஜெரி மறுபடி எடுக்கிறார். இதை முன்பே கதைத்திருக்கிறோமே என்று ஜோர்ஜ் கேட்கிறார். முதல் எபிசோடைப் பார்க்காதவருக்கு அது ஏதோ ஒரு பொத்தான் பேச்சு. தொடக்கத்திலேயே பார்த்தவர்களிலும் பலர் 178 எபிசோட்களுக்குள் அதை மறந்திருப்பார்கள். முந்தின நாள் இரவு பார்த்தவருக்கு மட்டும் அந்த வரி வந்து விழும்போது உடம்பு சிலிர்க்கும்.

அப்படிப் பார்ப்பவருக்கு இன்னொரு வரவும் உண்டு. கெஸ்லர் ஏன் கிரேமர் ஆனார் என்பதற்குத் தொடரே 1997 இல் வந்த தி பிட்ரேயலில் ஒரு விளக்கம் கொடுத்துவிட்டது, காட்சிகள் பின்னிருந்து முன்னாக ஓடும் எபிசோடில். அது ஒன்பதாவது சீசனில் இருப்பதால் அப்போது நினைவில் பசுமையாக இருக்கும். அதோடு முதல் எபிசோடைப் போட்டால், கெஸ்லர் கதவைத் தட்டுகிற அந்த ஓசைக்கே சிரிப்பு வரும். புதிதாக வந்தவருக்கு மந்தமாகத் தெரிந்த அதே காட்சிதான்.